டிரம் பலகையில் செய்த அலமாரி

எழுபதுகளின் நடுவில், ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையில் பழைய மர டிரம் ஒன்றைப் பிரித்துப் போட்டார்கள். தோல்களைப் பதப்படுத்த மரப்பட்டைச் சாற்றோடு போட்டு உருட்டுகிற ஆளுயரப் பீப்பாய் அது. எல்லாம் தேக்கு. கறுத்துப் போயிருந்த பலகை ஒன்றை உளியால் சுரண்டினேன். உள்ளே தேன் நிறத்தில் மரம் அப்படியே இருந்தது. விறகுக்குப் போகவிருந்ததை மேனேஜரிடம் கேட்டு வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றினேன்.

எனக்கு அங்கே எழுத்து வேலை. தச்சு வேலை வெள்ளிக்கிழமைகளில் மட்டும். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அன்றுதான் விடுமுறை. கிணற்றடியை ஒட்டித் தகரம் போட்ட இடத்தில் ஒரு மேசை, சுவரில் இரண்டு ரம்பம், இழைப்புளி, உளிகள். முக்காலி, சாமி மாடம், புத்தகத் தட்டு எல்லாம் அங்கே செய்திருந்தேன். பெரிதாக ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசை இருந்தது.

பலகைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றிக் கழுவி, இடையில் குச்சி வைத்து அடுக்கி, ஓர் ஆண்டு நிழலில் காயவிட்டேன். அடிக்கடி போய்த் தொட்டுப் பார்ப்பேன்.

"என்னைத் தொட்டதவிட அந்தப் பலகையத் தொட்டதுதான் ஜாஸ்தி" என்று என் மனைவி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே சொல்வாள்.

அடுத்த ஆண்டு என் தங்கைக்கு ஜோலார்பேட்டையில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை ரயில்வேயில் இருந்தார். தாயும் மகனுமாகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். சீருக்கு ஸ்டீல் பீரோ வாங்கிவிடலாம் என்றார் அம்மா. தங்கைதான் கேட்கவில்லை.

"பீரோ எல்லார் வீட்லயும் நிக்குது. எனக்கு அண்ணன் செஞ்சதுதான் வேணும். இது எங்க அண்ணன் கையால செஞ்சதுன்னு நான் அங்க சொல்லிக்க வேணாமா?"

ஆறடி உயரம், மூன்றடி அகலம், நான்கு தட்டு. இரும்பாணி ஒன்றுகூடப் போடவில்லை. பட்டைச் சாறு ஏறிய மரத்தில் இரும்பு பட்டால் மையைப்போலக் கறுப்பு பரவும். அதனால் ஒரு சட்டத்தில் நாக்கு எடுத்து, மற்றதில் துளை போட்டுச் செருகி, மூங்கில் ஆணி அடித்தேன். நாக்கில் போடும் ஆணித் துளையை அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, உள்ளே தள்ளிப் போட வேண்டும். அப்போதுதான் ஆணி இறங்க இறங்க இணைப்பு இழுத்துக்கொண்டு இறுகும். முடித்ததும் கதவிடுக்கில் ஒரு போஸ்ட் கார்டு நுழையவில்லை. சாயம் இறங்குமோ என்று வெள்ளைத் துணியை நனைத்துத் தட்டில் விரித்து ஓர் இரவு விட்டுப் பார்த்தேன். காலையில் துணி வெள்ளையாகவே இருந்தது. அம்மா அதை எடுத்துத் தலைக்குக் கட்டிக்கொண்டு வாசல் தெளிக்கப் போனார்.

கல்யாணம் முடிந்து லாரியில் அலமாரி போயிற்று. தங்கை தன் புடவைகளை அதில் அடுக்கினாள்.

ஆடிக்கு வந்தவள் முதல் நாளே ஒரு பட்டுப்புடவையை எடுத்து என் முன்னால் விரித்தாள்.

"மோந்து பாருண்ணா."

முகர்ந்தேன். புதுப் பட்டின் வாசனைதான் இருந்தது. அம்மா முகர்ந்தார், மனைவி முகர்ந்தாள்.

"இன்னாம்மா இருக்குது இதுல? ஒண்ணும் இல்லையே" என்றாள் மனைவி.

"தோல் வாடையாம். பைப்படிக்கு நான் கொடத்தத் தூக்கிட்டுப் போனா, அங்க நிக்கற பொம்பளைங்க 'ஆம்பூர் ஸ்டேஷன் வந்துடுச்சு, எறங்கறவங்க எறங்குங்க'ன்றாங்க."

மனைவி சிரித்துவிட்டாள். தங்கையும் சிரிக்கப் பார்த்தாள்.

"உங்க மாமியார் இன்னா சொல்றாங்க?" என்று அம்மா கேட்டார்.

"அவங்க ஒண்ணும் சொல்லல. கோயிலுக்குப் போறப்ப மட்டும் அவங்க பெட்டியத் தெறந்து, 'என்னுது ஒண்ணக் கட்டிக்கோம்மா'ன்னு குடுக்கறாங்க. என் பொடவ ஒண்ணுகூட நான் இன்னும் வெளிய கட்டலம்மா."

நாங்கள் நால்வரும் அந்தப் புடவையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவளுக்கும் அப்போது வாடை தெரியவில்லை. அங்கே ஏதோ சாக்கடை பக்கத்தில் இருக்கும் என்றார் அம்மா. நான் மரத்தின் மேல் பூச்சு போதவில்லை என்று முடிவு செய்தேன். ஆடி முடிந்ததும் அவளோடு போய், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, உள்ளும் புறமும் மூன்று முறை பூசினேன். மாப்பிள்ளை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "கண்ணாடி மாதிரி இருக்குது மச்சான்" என்றார்.

ஐப்பசி மழையில் அது கண்ணாடியாக நிற்கவில்லை. தோலுக்குப் போடுகிற உப்பு எத்தனையோ ஆண்டாக மரத்துக்குள் ஏறியிருந்தது. நான் கழுவியது மேலோடு போயிருக்கிறது. ஈரக்காற்று பட்டதும் உப்பு நீரை இழுத்து, பலகை வியர்த்து, பூச்சு கொப்புளமாகக் கிளம்பியது. தட்டுகளில் வேப்பிலை, கற்பூரம், வெட்டிவேர் என்று தங்கை எதையெதையோ போட்டுப் பார்த்திருக்கிறாள். அப்புறம் புடவைகளை மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். தான் கேட்டு வாங்கியது என்பதால் அகற்றவும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது ஸ்டேஷனில் இருந்து அழைத்து வந்தேன். வழியெல்லாம் முந்தானையால் மூக்கை மூடியபடி வந்தாள். சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லண்ணா. வாணியம்பாடி தாண்டறப்பவே ஜன்னல சாத்திட்டேன்." சிறிது தூரம் நடந்தபிறகு சொன்னாள்: "எனக்கும் இப்ப தெரியுதுண்ணா."

வீட்டுக்குள் வந்ததும் முந்தானையை எடுத்துவிட்டாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டபோது அவள் மூச்சை ஒரு கணம் நிறுத்தியதை நான் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கருவிப் பெட்டியோடு ஜோலார்பேட்டைக்குப் போனேன். பிரித்து எடுத்துவரலாம் என்று நினைத்திருந்தேன். ஈரத்தில் ஊதிய நாக்குகள் துளைக்குள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. மூங்கில் ஆணி ஒன்றும் அசையவில்லை. கதவைக் கழற்றவே மதியமாகிவிட்டது. கடைசியில் ரம்பத்தை எடுத்தேன். ஆட்டம் கொடுக்காமல் இருக்கத் தங்கை அந்தப் பக்கம் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லாத்தான் செஞ்சிருந்தேண்ணா" என்றாள்.

தூள் பறந்து இருவர் மேலும் படிந்தது. மாமியார் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. "விடுங்க தம்பி, அது பாட்டுக்குப் பின்னால இருந்துட்டுப் போட்டும். அவ ஆசப்பட்டது" என்றார். தங்கை, "வேணாம் அத்த, அறுக்கட்டும்" என்றாள். துண்டுகள் பின்பக்கம் வெந்நீர் அடுப்புக்குப் போயின.

கை கால் கழுவியதும் வழக்கம்போல வேப்பமரத்தடியில் எனக்குப் பாய் விரித்தார்கள். அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் சாப்பாடு எனக்கு அங்கேதான். மாப்பிள்ளையும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என்னோடு உட்காருவார். காற்றுக்காக என்று நான் நினைத்திருந்தேன். அன்று தை மாதக் குளிர்காற்று வேறு. மாப்பிள்ளை தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டார்.

சாயங்காலம் தங்கை பிளாட்பாரம் வரை வந்தாள்.

"எம்மேலயும் அடிக்குதா?" என்று கேட்டேன்.

அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். "நாளெல்லாம் தூள்ல நின்னிருக்கே. போய் நல்லா எண்ணெ தேச்சுக் குளிண்ணா" என்றாள்.

எண்பதுகளில் அவர்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்வரை மாதம் ஒரு முறை அங்கே போய்வந்தேன். தொழிற்சாலைப் பக்கமே கொண்டுபோகாத சட்டை ஒன்றை அதற்கென்று தனியாக வைத்திருந்தேன். பெட்டியிலிருந்து எடுத்ததும் முகத்தில் வைத்து ஆழமாக இழுத்துப் பார்ப்பேன். சோப்பு வாசனைதான் வரும். மனைவியிடம் நீட்டுவேன். அவளும் முகர்ந்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, போட்டுக்கோங்க" என்பாள்.