கவுன்சிலர் வந்த காலை

உக்கடத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில் ஒரு தையல்காரர் இருந்தார். ஒல்லியான ஆள். தூங்கும்போதுகூட அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கமாட்டாரோ என்று தோன்றும். சந்துச் சாக்கடை அடைத்து வீடுகளுக்குள் ஏறும்போதெல்லாம் எங்களைத் திரட்டிக்கொண்டு அந்த டேப்போடு கவுன்சிலரிடம் போவார். "ஒருக்கா வந்து பாருங்க, போதும்" என்பார்.

ஒருவழியாகக் கவுன்சிலர் வர ஒப்புக்கொண்டார். அவர் வரும் நாளன்று விடியும் முன்பே தையல்காரர் லுங்கியை மடித்துக் கட்டிச் சாக்கடையைத் தானே தூர்வாரி, பிளீச்சிங் பவுடரும் தூவியிருந்தார். கவுன்சிலர் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தானுங்களே இருக்குது" என்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"ஏனுங்க பாய், இப்படிச் செஞ்சுபோட்டீங்களே!" என்றேன்.

டேப் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நாம கூப்புட்டு வந்த மனுசனுங்க. மூக்கப் பொத்திக்கிட்டு நிக்க வெச்சா நல்லாருக்குமுங்களா?"

அடுத்த மழையில் சாக்கடை முதலில் ஏறியது அவர் வீட்டுக்குள்தான். நன்றாகத் திட்டிவிட வேண்டுமென்றே போனேன். தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்.

"வாங்க வாங்க. உக்காரச் சொல்ல எடமில்லீங்களே" என்று கூசிப்போனார்.

அதற்குமேல் அவரை எப்படித் திட்டுவது?