கழிவு போக நாலு

பேனாவை மூடிப் பைக்குள் செருகிய பிறகுதான் ஷாயிஸ்தா இப்போதெல்லாம் வலியைப் பற்றிக் கேட்கிறாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கழிக்காமச் சொல்லுங்க, பத்துக்கு எத்தனைங்க?" என்பாள். கூட நிற்கும் மாணவிகளுக்கு முதல் வார்த்தை விளங்குவதில்லை.

ஊட்டி பஜார் குடைக்கடைக்காரர் மகள். நர்சிங் கல்லூரி ஆசிரியை. புற்றுநோய் வலியைக் கவனிக்கும் பாடத்தை வகுப்பில் பாதிப் பேருக்குச் சக ஆசிரியை யூனிஸ் நேரிலும், மீதிப் பேருக்கு இவள் ஆன்லைனிலும் நடத்தினார்கள். எது மேல் என்று பார்க்கக் கல்லூரி செய்த ஏற்பாடு. மழையில் சிக்னல் போனால் மொட்டைமாடிப் படியில் குடையோடு நின்று பாடம் எடுப்பாள். "பேஷண்ட் சொல்ற நம்பர்தான் வலி. கூட்டாதீங்க, கொறைக்காதீங்க." தேர்வில் அவளுடைய பிள்ளைகளே முந்தினார்கள். அன்று வீட்டில் பிரியாணி.

அடுத்த வாரம் வார்டில் ஆண்டாயி. சேரங்கோடு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். மார்பில் வந்த புற்று முதுகெலும்புக்கு ஏறியிருந்தது. "நாலுதான் மிஸ்ஸி" என்பாள். நர்சை அப்படிக் கூப்பிடுவது இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களின் பழக்கம். ஆன்லைனில் முதல் மார்க் வாங்கிய கீர்த்தனா நாலு என்று எழுதினாள். ஷாயிஸ்தா கையெழுத்துப் போட்டாள். இரண்டு நாளும் அதே லேசான மாத்திரை.

மூன்றாம் நாள் விரிப்பு மாற்றப் போன மனிஷா, யூனிஸ் வகுப்பில் கடைசி மார்க், தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். ஓரமெல்லாம் கடித்துக் கடித்து நூலாகியிருந்தது.

"என்னம்மா இது?"

ஆண்டாயி சிரித்தாள். "வலி எட்டு இருக்கும். ஈரக் கொழுந்துன்னு நிறுக்கிறவரு எடையில கழிப்பாருல்ல? முழுசாச் சொன்னா ஆரு நம்புறா? அதான் நானே கழிச்சுட்டேன். கழிவு போக நாலு."

அன்றே டாக்டர் மார்ஃபின் எழுதினார். அந்தத் தலையணையை இரண்டு நாளும் தட்டிப் போட்டவள் ஷாயிஸ்தாதான்.

எந்த வகுப்பு மேல் என்ற முடிவை அறிவிக்கும் கூட்டத்தில் மார்க்குகளை வாசித்தாள். தலையணையைப் பற்றியும் சொல்லிவிட வாய் திறந்தாள், அதற்குள் கைதட்டிவிட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். சொல்லாமலே மேடையிறங்கினாள்.

நேராக வார்டுக்கு வந்தாள்.

"அட மிஸ்ஸி, சால்வையெல்லாம்! என்ன விசேசம்?"

"ஒண்ணுமில்லைங்க. குளிருச்சு." முகத்தைத் திருப்பியபடி கேட்டாள்: "பத்துக்கு எத்தனைங்க?"

"மூணு. சத்தியமாக் கழிக்கலை."

ஷாயிஸ்தா பேனாவை எடுக்கவில்லை. அவள் விரல்கள் தலையணையின் ஓரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, கடித்த ஈரம் இருக்கிறதா என்று தடவிக்கொண்டே போயின.