பர்மனென்டா, கான்ட்ராக்டா?

நெய்வேலி குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போகிறேன். பிரெஞ்சுக்காரன் காலத்துச் சாக்கடைகளைத் தூர்வாரிப் பழுதுபார்க்கும் வேலைக்கு நான் மேற்பார்வையாளர். மூடியைத் திறந்தால் போதும், தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். அடைத்துக்கொண்டது என்னவோ அவர்கள் வீட்டுக் குப்பைதான்!

போன வாரம் ஒருவர் மட்டும் கதவைத் திறந்து வெளியே வந்தார். உடம்பெல்லாம் சேறாக நின்ற எங்கள் ஆளிடம், "பர்மனென்டா, கான்ட்ராக்டா?" என்று கேட்டார். பெயரைக் கேட்பதற்கு முன்பே இதைக் கேட்பது, சுரங்க வேலையை வைத்தே ஆளை எடைபோடும் எங்கள் நெய்வேலிக்காரர்கள்தான். இங்கேயுமா தராதரம் பார்ப்பது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கான்ட்ராக்டுங்க."

"நானும் மைன்ஸ்ல கான்ட்ராக்டாதான் இருந்தேன். இப்படியே பஸ் ஏறுனா பக்கத்துல ஒருத்தனும் உக்கார மாட்டான். உள்ள வெந்நீர் வச்சிருக்கேன், குளிச்சிட்டு வூட்டுக்குப் போங்க" என்றார்.