டிரில் டீச்சரும் கடிகாரக்காரரின் இடது காலும்

டிரில் டீச்சருக்கு மூக்கின் மேல் கோபம் என்று சொல்வார்கள். சுத்தப் பொய். மூக்கில் போய் உட்காரும் அளவுக்கு அந்தக் கோபத்துக்குப் பொறுமை கிடையாது. கிளம்பினால் நேராக வாய்க்குத்தான் வரும். பெண்கள் பள்ளி ஒன்றில் காலமெல்லாம் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவள் "ஏய்!" என்றால், அந்தக் கோடியில் ரிப்பன் அவிழ்ந்த பிள்ளை தானாகத் தலையைத் தொட்டுப் பார்க்கும். அதற்கும் மேலே வேண்டுமென்றால் விசில். குட்டிக் குட்டியாக ஏழு ஊதல், கடைசியில் ஒரு நீள ஊதல். எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்து வரிசையில் நில் என்று அர்த்தம். சாப்பிடுகிற பிள்ளை வாயில் போட்டதை விழுங்காமல் ஓடி வரும். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விசில் அவள் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

இப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். கடை என்றுதான் பேர். ஒரு நாற்காலி போட்டால் மீதி இடம் அவர் முழங்காலுக்கே போதாது. காலையில் உட்கார்ந்தால் கடையைப் பூட்டத்தான் எழுந்திருப்பார். கல்யாணமான புதிதில் டீச்சர் அவரை விடியற்காலையில் எழுப்பி ஓட வைக்கப் பார்த்தாள். "நான் எதுக்கு ஓடணும்? எனக்கும் சேத்துத்தான் கடை பூரா முள்ளுங்க ஓடிட்டிருக்கே" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஒரு பள்ளிக்கூடத்தையே வரிசையில் நிறுத்தியவள் அந்த ஒரு மனிதரிடம் மட்டும் தோற்றுப்போனாள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த மனிதரைத்தான் ஒரு நாள் பக்கவாதம் நாற்காலியிலிருந்து கீழே தள்ளியது. பேச்சு திரும்பிவிட்டது. கையும் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. இடது கால் மட்டும் அடம் பிடித்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தச் சில மாசம்தாம்மா கால் மறுபடி கத்துக்கும். தினமும் நடக்க வைங்க. இப்ப விட்டா விட்டதுதான்" என்றாள். டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தி அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "எழுந்திருங்க" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. கால், கால், கால்தான்.

கப்பல் பயணம் மகளின் யோசனை. "படியே ஏற வேண்டாம்மா, எல்லாத்துக்கும் லிஃப்ட். மேல் தளம் மைதானம் மாதிரி நீளமா இருக்கும். அப்பா காத்தாட நடக்கட்டும்" என்று அனுப்பிவைத்தாள். கப்பல் கிளம்பிய அன்றே எல்லாரையும் ஒரு கூடத்தில் கூட்டி, ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்டுவது, அபாய ஒலி எப்படி இருக்கும், எந்தப் பக்கம் ஓடுவது எல்லாம் சொன்னார்கள். இயந்திரம் என்றால் பயபக்தி உள்ளவர் கடிகாரக்காரர். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். டீச்சர் எங்கே கேட்டாள்? முன்வரிசை கோணலாக நிற்கிறது என்று அந்தக் கப்பல் ஊழியர்களையே பிடித்து நேராக்கிக்கொண்டிருந்தாள்.

மேல் தளத்தில் நடை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வலது கையில் தடி, பக்கத்தில் டீச்சர், பின்னால் இழுத்துக்கொண்டு வரும் இடது கால். அதற்குள் டீச்சருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தலையிலிருந்து கால் வரை மூடிய உடுப்போடு வந்த கப்பல் நர்ஸ் மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்து, கோவிட் என்றாள். கடிகாரக்காரருக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அவரும் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. டீச்சரைப் பக்கத்தில் காலியாக இருந்த அறைக்கு மாற்றினார்கள். நடுவே ஒரு சுவர். இரண்டு அறைகளுக்கும் கடலைப் பார்த்தபடி ஆளுக்கொரு பால்கனி. அவற்றுக்கு நடுவே மங்கலான கண்ணாடித் தடுப்பு. சாப்பாடு வாசலில் வந்து இறங்கும், கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுவார்கள்.

அந்த நோய்க்கு என்ன கொழுப்பு பாருங்கள், டீச்சரின் குரலில்தான் முதலில் கை வைத்தது. தொண்டை அடைத்துக்கொண்டு, வாயைத் திறந்தால் வெறும் காற்று. அறை போனில் கடிகாரக்காரர் கூப்பிட்டு, "சாப்பிட்டியா? காய்ச்சல் எப்படி?" என்று கேட்டால் இவள் பதில் சொல்ல முடியாமல் கொதிப்பாள். அவர் அதற்கும், "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் மட்டும் பேசி நீ கேக்கிறது இப்பதான். நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார்.

ஆனால் கால்? டீச்சருக்கு அதே நினைப்புதான். தன் நோயைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. சும்மா கட்டிலில் கிடந்தால் கற்றுக்கொண்ட கொஞ்சத்தையும் அந்தக் கால் மறந்துவிடுமே! விட்டா விட்டதுதான் என்றாளே அந்தப் பெண்! மறுநாள் காலை பால்கனிக்கு வந்து விசிலை வாயில் வைத்தாள். வீட்டிலேயே பழக்கிய கணக்குதான்: ஒரு ஊதல் என்றால் காலைத் தூக்கு. இரண்டு என்றால் திரும்பு. நீளமாக ஊதினால் நில். அந்தப் பக்கம் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் கட்டிலுக்கும் கம்பிக்கும் நடுவில் நடக்க வேண்டும். ஆளைப் பார்க்க முடியாது, சத்தம் கேட்கும். தடி டொக்கென்று விழும், வலது கால் விழும், அப்புறம் இடது கால் சர்ரென்று தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். அந்தச் சர்ரைத்தான் அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

ஊதுவதும் லேசாக இல்லை. ஒரு ஊதலுக்கு ஒரு இருமல். கொஞ்ச நேரம் ஊதினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். நர்ஸ் வாசலில் நின்று, "அம்மா, உங்க நுரையீரலுக்கு ஓய்வு வேணும்" என்று கெஞ்சினாள். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

நாட்கள் போகப் போக ஒரு அதிசயம் நடந்தது. சர்ரென்ற சத்தம் காணாமல் போனது. டொக், டொக், டொக் என்று அழகாக, கச்சிதமாக நடை. அந்தக் காலையில் டீச்சர் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து விம்மி விம்மி அழுதாள். என் மனுஷன் நடக்கிறான்! அன்று பூராவும் அவளுக்குக் காய்ச்சல் என்ற நினைவே இல்லை.

மறுநாளும் டொக், டொக், டொக். டீச்சர் முகத்தில் சிரிப்போடு கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்தவளுக்குச் சிரிப்பு மெல்ல வடிந்தது. எத்தனை ஆயிரம் பிள்ளைகளை நடக்க வைத்தவள்! நல்ல காலே அப்படி நடக்காது. திரும்புகிற இடத்தில் தயங்கும், கம்பிக்குப் பக்கத்தில் வேகம் குறையும். இதுவோ ஒரு மயிரிழை முன்னே பின்னே ஆகாமல், சாவி கொடுத்து விட்டது மாதிரி விழுகிறது. திரும்பச் சொல்லி இரண்டு ஊதினாள். திரும்பாமலே டொக், டொக். சந்தேகம் வந்துவிட்டது. கம்பியில் சாய்ந்து, தடுப்புக்கு அப்பால் முடிந்த மட்டும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். திறந்து கிடந்த கதவின் கண்ணாடியில் உள்ளே இருந்த கட்டில் தெரிந்தது. கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்தபடி கடிகாரக்காரர். ஒரு கையில் பிஸ்கட். இன்னொரு கையில் தடி. தரையில் தட்டுகிறார், டொக், டொக், டொக்.

கடிகாரக்காரருக்கு ஏமாற்றக்கூடத் தெரியவில்லை. ஆயுசு முழுக்கக் கடிகாரச் சத்தத்தோடு வாழ்ந்த கை, தப்பாகத் தட்டச் சொன்னாலும் தட்டாது.

டீச்சருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கத்த வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அடுத்த நொடி விசில் வாயில். எத்தனையோ வருஷப் பழக்கம், கை தானாக வேலை செய்தது. குட்டிக் குட்டியாக ஏழு, கடைசியில் ஒரு நீளம். அத்தோடும் விட்டாளா? இருந்த மூச்சையெல்லாம் திரட்டி மறுபடியும் ஒரு தரம் அதையே ஊதினாள்.

எங்கோ ஒரு பெண் வீறிட்டாள். கதவுகள் படார் படாரென்று திறந்தன. பக்கத்துப் பால்கனிகளில் ஆட்கள் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார்கள். நடைவழியில் திபுதிபுவென்று காலடிகள். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம் என்று நினைத்திருந்த அந்த ஊதல்தான் கப்பல்களின் அபாய ஒலியும். அன்று கூடத்தில் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் அல்லவா தெரியும்!

இவள் அறைக் கதவை யாரோ இடித்தார்கள். போய்த் திறந்தாள். கடிகாரக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருந்தார். கையில் இன்னொரு லைஃப் ஜாக்கெட். முகமெல்லாம் வேர்வை.

"ஏன் மசமசன்னு நிக்கிற? கப்பல் முழுகுது! இதப் போடு முதல்ல. கையத் தூக்கு!"

டீச்சர் கையைத் தூக்கவில்லை. அவர் காலைப் பார்த்தாள். இரண்டு காலும் தரையில் நின்றன. கட்டிலிலிருந்து கதவு, கதவிலிருந்து நடைவழி, அந்தத் தள்ளுமுள்ளுக்குள் புகுந்து இவள் வாசல். அவர் வலது கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். தடி இல்லை.

அவரும் குனிந்து பார்த்தார். "எங்க வச்சேன்?" என்றார். பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அடிப்பாவி... நான் நடந்தா வந்தேன்?"

டீச்சர் அவர் நெஞ்சில் இருந்த அந்த ஆரஞ்சு மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சிரித்து முடித்ததும் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டு, தடியால் தட்டுவது போல் சைகை காட்டினாள். குட்டு வெளிப்பட்டது அவருக்குப் புரிந்துவிட்டது.

"பின்ன என்ன பண்றது? நீ ஊதி ஊதி மூச்சு வாங்குறது சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்காதா? நான் நடக்கிற வரைக்கும் நீ நிறுத்த மாட்ட. நடந்துட்டேன்னு நெனச்சாவது நீ போய்ப் படுப்பேன்னு பாத்தேன். என் காலு போனா போகுது டீச்சர். நீ போயிட்டா நான் எங்க நடந்து போறது?"

அதற்குள் பாதுகாப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். நடைவழி முழுவதும் பயணிகள் லைஃப் ஜாக்கெட்டோடு வரிசையாக நின்றதைப் பார்த்துவிட்டு வந்த ஆத்திரம். "யாரும்மா ஊதுனது?" என்று கேட்டு, கழுத்திலிருந்த விசிலைப் பார்த்து, "கழட்டுங்க" என்றார். டீச்சர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கழற்றிக் கொடுத்தாள். வாழ்நாளில் வெளி ஆளுக்கு அவள் அடங்கிப் போனது அந்த ஒரு தடவைதான். பின்னாலேயே வந்த நர்ஸ், கடிகாரக்காரர் இந்த அறைக்குள் வந்து மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "இனிமே இவர அங்க அனுப்ப முடியாது. இங்கயே இருக்கட்டும்" என்றாள். "அப்பாடா" என்று உட்கார்ந்தார் அவர்.

அவருக்கும் காய்ச்சல் வந்தது. லேசாக வந்து போய்விட்டது. டீச்சருக்கு விசிலும் இல்லை, குரலும் இல்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்கத்தான் முடியும். அவர் தானாக எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், அப்புறம் பிடிக்காமல் நடந்தார். ஒரு தரம் நிலை தடுமாறி நாற்காலியோடு விழுந்து, நாற்காலியைத்தான் திட்டினார். அவள் கண்ணயர்ந்து விழித்துப் பார்த்தால் அப்போதும் நடந்துகொண்டிருப்பார். சர்ரென்ற சத்தம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது உண்மையான சத்தம். நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வந்தது. இந்த மனிதரையா நாம் எழுப்பி ஓட வைக்கப் பார்த்தோம் என்று டீச்சர் மலைத்துப்போனாள்.

கப்பல் கரை சேர்ந்தது. இருவருக்கும் நோய் நீங்கியது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். இறங்குகிற நேரத்தில் ஒரு ஊழியர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "கால் முடியாத ஐயா யாருங்க?"

டீச்சருக்குச் சுரீரென்றது. குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. "இங்க யாருக்கும் கால் முடியாம இல்ல" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அந்த விறுவிறுப்பு நடைவழி திரும்பும் வரைதான். மூச்சு பிடித்துக்கொண்டது. சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடினாள். கண் இருட்டியது.

கடிகாரக்காரர் பின்னால் வந்து நின்றார். "உக்காரு" என்றார்.

அவள் முறைத்தாள்.

"முறைச்சது போதும். எனக்காக ஊதி ஊதித்தான் அந்த மூச்சு போச்சு. உக்காரு டீச்சர்."

டீச்சர் உட்கார்ந்தாள். ஊழியர் பின்னால் போய்க் கைப்பிடியில் கை வைத்தார். கடிகாரக்காரர் அவர் கையைத் தட்டிவிட்டார். "நகருப்பா. எங்க வீட்டு ஆளு, நான் தள்ளிக்கிறேன்."

சாய்வுப் பாலத்தின் அடியில் மகள் காத்திருந்தாள். கூட்டத்துக்கு நடுவே சக்கர நாற்காலி வருவதைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. அப்பா இன்னும் அப்படியேதான் இருக்கிறார் என்று நினைத்திருப்பாள். கிட்டே வந்த பிறகுதான் நாற்காலியில் இருப்பது அம்மா என்று தெரிந்தது. "அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று ஓடி வந்தவள், பின்னால் நின்று தள்ளுவது யாரென்று நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே வழியில் நின்றுவிட்டாள்.

வலது காலை வைத்து, இடது காலைத் தூக்கி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரக்காரர் இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஓரமா நில்லும்மா" என்று அங்கிருந்தே கத்தினார். "உங்கப்பனுக்கு நடக்கத்தான் வருது, இன்னும் நிக்க வரல!"