இருபத்தொரு பேர் பார்த்த பெரிய சூரியன்

சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து, கப்பல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தருவது என் தொழில். சூரியன் ஒருநாளும் எனக்குத் தொந்தரவு கொடுத்ததில்லை. சாக்பீஸ் பிடித்த யாருக்கும் மீதி புரியும்.

பளிச் கோஷ்டி

2007-இல், சிதம்பரம் சாலையில் இருந்த எங்கள் கடல்சார் கல்லூரியின் செய்முறைத் தேர்வு. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை, காலை எட்டு மணி. கருவிக்குள் தெரியும் சூரியனின் மேல் விளிம்பைத் தொடுவானத்தில் தொடவைத்துக் கோணத்தைப் படிக்க வேண்டும். கண் கூசும் ஒளியில் சூரியன் உள்ளதைவிடப் பருத்துத் தெரியும், கோணமும் கூடிவிடும். அதனால் கருவியிலுள்ள கறுப்புக் கண்ணாடிகளில் அடர்த்தியானதைப் போடுங்கள் என்று ஆறு மாதம் கத்தியிருந்தேன். இருபத்தொரு பேர் லேசானதைப் போட்டார்கள். ஏனென்று விக்னேஷ் என்ற மாணவனைக் கேட்டேன்.

"நல்லா பளிச்சுன்னு தெரியுது சார், அத எதுக்கு இருட்டாக்கிக்கிட்டு?"

கூட்டி வகுத்த சூரியன்

ஸ்டீபன் மட்டும் அடர்த்தியான கண்ணாடியைப் போட்டான். செம்மங்குப்பத்தில் இரண்டு வருடம் வெல்டிங் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவன். வெளிச்சத்தை நம்ப மாட்டான். ஆளுக்கு ஆள் அளந்த நேர வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகும், அவன் கோணம் மற்றவர்களுடையதைவிட ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு குறைவு. கடலில் அது ஒரு மைல்.

நாங்கள் நின்ற இடம் தெரிந்த இடம்தான். அங்கிருந்து சூரியன் எந்தக் கோணத்தில் தெரிய வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஸ்டீபன் சொன்னதே வந்தது. கூடவே கரைக்கு வந்திருந்த எங்கள் துறைத் தலைவருக்கு அந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. எல்லாருடைய அளவையும் கூட்டி வகுத்து, அந்தச் சராசரிதான் விடை என்றார். ஸ்டீபன் ஃபெயில், அந்த வருடம் கப்பல் பயிற்சிக்குப் போக முடியாது. எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் சராசரியும் அந்தப் பக்கமே சாயும் என்று, பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

"இருபத்தொரு பேருக்குமா சார் கண்ணு கெட்டுப்போச்சு?"

இருபத்திரண்டாவது ஆள்

கருவியை அவர் கையிலேயே கொடுத்தேன். லேசான கண்ணாடியில் பார்த்து, அதே தப்பை அதே அளவுக்குச் செய்து மகிழ்ந்தார். அவர் கண்ணை எடுக்கும் முன் அடர்த்தியான கண்ணாடியைக் குறுக்கே தள்ளினேன். சூரியன் சின்னதாகிவிட்டதே என்று முணுமுணுத்தார். மறுபடி அளந்தார், இந்தமுறை கணக்கோடு ஒத்துப்போனது. கருவியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, அவனுக்கு பாஸ் போடுங்க. மத்தவுங்களுக்கும் போட்டுடுங்க சார், இருபத்தொரு அப்பாவக் கூட்டியாந்து என்னால சூரியனக் காட்ட முடியாது."

அன்று பாஸான இருபத்திரண்டு பேரில் ஒருவர் ஓட்டும் கப்பலில் நான் ஏற நேர்ந்தால், ஓட்டுவது ஸ்டீபனா என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன்.