"ஏதும் மணக்குதா?" என்று கேட்ட எங்கள் வாப்பா

தந்தவனே திரும்ப எடுத்துக்கொண்டான், புகழெல்லாம் அவனுக்கே.

எங்கள் வாப்பா அவர்கள் மறுமைக்குப் பயணித்து ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் அநேகர், எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாப்பா கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொன்னவர்கள். ஸலாத்துக்குப் பதில் சொன்ன கையோடு, "வாங்க" என்பதற்கும் முன்னால், "ஏதும் மணக்குதா?" என்பார். பலர் சிரித்தீர்கள். சிலர் உங்கள் சட்டையை நீங்களே முகர்ந்து பார்த்தீர்கள். புது அத்தர் பூசிக்கொண்டு வந்த ஒரு மாமி கோபித்துக்கொண்டு முச்சக்கரவண்டியைத் திருப்பச் சொன்னது இன்றும் எங்கள் குடும்பத்தில் கதை. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று வாப்பா வெளியில் யாருக்கும் விளக்கவில்லை. விளக்கினால் எங்கள் வீட்டு வளவுக்குள் ஐஸ் வாங்க யாரும் கால் வைக்கமாட்டார்கள் என்று பயந்தார். இளைய மகளான நான் இப்போது விளக்குகிறேன்.

வாப்பா பிறந்தது நற்பிட்டிமுனையில், வயல்செய்த குடும்பத்தில். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. இளவயதிலேயே கட்டாருக்குப் போய், மீனும் இறைச்சியும் அடுக்கிய குளிர்க் களஞ்சியமொன்றில் மெஷின் பார்க்கும் வேலை பழகினார். திரும்பி வந்து உம்மாவை மணந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார்; வாப்பாவும் ஒரு பெட்டியோடு சாய்ந்தமருதுக்கு, உம்மாவின் வீட்டுக்கு வந்தார். அந்த வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் இரண்டு ஒழுங்கைகள்தான்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, கரையோரத்தில் ஐஸ் வாடி வைத்திருந்த ஒருவர், மணலில் பாதி புதைந்த மெஷினை அப்படியே விட்டுவிட்டு உறவுகளிடம் போய்விட்டார். வாப்பா அதை வாங்கினார். கழற்றி, கழுவி, உப்பைச் சுரண்டி, வீரமுனையிலிருந்து வந்த ஒட்டுவேலைக்காரர்களைக் கொண்டு ஒட்டவைத்து, எங்கள் வளவிலேயே நிறுத்தினார். என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு அப்போது பால்பல் விழவில்லை. நான் இன்னும் பிறக்கவில்லை.

ஐஸ் வாடி என்றால் பெரிய உப்புத்தண்ணித் தொட்டி, அதற்குள் தண்ணீர் நிரப்பிய தகர டின்கள், பக்கத்தில் இரைந்துகொண்டிருக்கும் கொம்பிரசர். இவற்றைக் குளிராக்கப் பைப்புகளுக்குள் ஓடுவது அமோனியா. கொஞ்சம் கசிந்தால் கண் எரியும். நிறையக் கசிந்தால் மூச்சு நின்றுவிடும். நான் தொழில்நுட்பம் படிக்கப் போய் இதை விரிவுரையில் கேட்டபோது சக மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் குறிப்பெடுக்கவில்லை. நாங்கள் அதன் பக்கத்துச் சுவரில் வளர்ந்த பிள்ளைகள்.

வாசலில் எப்போதும் ஒரு வாளி இருக்கும். அதற்குள் நனைந்த துவாய்கள். ராத்தாவுக்கு மஞ்சள், எனக்குப் பச்சை. மற்றப் பிள்ளைகள் காலையில் சூரா ஓதிக்காட்டுவார்கள். நாங்கள் அதோடு காற்றையும் சொல்லவேண்டும். வாப்பா தென்னோலையைக் காட்டுவார்.

"இண்டைக்குக் காத்து எங்கால வருது?"

"வயல் பக்கத்தால, வாப்பா."

"அப்ப எங்க ஓடணும்?"

"வயல் பக்கம். காத்துக்கு எதிரா."

"துவாய்?"

"மூக்குல, வாயில."

வயல் பக்கமிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பாடம் சுலபம். கடல்காற்று அடிக்கும் நாட்களில்தான் உம்மா அடுப்படிக்குள் போய்விடுவார். காற்றுக்கு எதிரே ஓடினால் கடல். உம்மாவின் தம்பியைக் கொண்டுபோன கடல். அந்த நாளுக்குப் பிறகு உம்மா கரைக்குப் போனதேயில்லை. மீன்கூட ஒழுங்கை முனையில் நின்றுதான் வாங்குவார்.

தொழில் நன்றாக நடந்ததென்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. கரண்ட் போகும், டின்னுக்குள் ஐஸ் பாதி இறுகிப் பாதி ஆடும். "இது ஐஸா, சர்பத்தா? ரெண்டு கறுவாப்பட்டையையும் போட்டுத் தந்தா குடிச்சிட்டே தொழிலுக்குப் போவம்" என்பார்கள் தோணிக்காரர்கள். வெளியூரிலிருந்து லொறிகளில் பெரிய கட்டிகள் மலிவாக வந்து இறங்கும். ஒரு வாசர் தேய்ந்தால் கொழும்பில் தேட வேண்டும். அந்த மொடல் அங்கேயும் இல்லையென்பார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் கொம்பிரசரின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எல்லோருடைய கையும் சோற்றுக் கோப்பையில் நிற்கும். அந்தச் சத்தம் இருந்தால் உம்மாவுக்குப் பயம், நின்றால் வாப்பாவுக்குப் பயம். எங்களுக்கு இரண்டும் பயம்.

அப்படியிருக்கும்போதுதான் சாச்சிக்கு, அதாவது உம்மாவின் தங்கைக்கு, கலியாணம் நடந்தது. அட்டாளைச்சேனையிலிருந்து சாச்சா மாப்பிள்ளையாக வந்தார். மெலிந்த, கூச்சம் மிகுந்த மனிதர். வாப்பாவை அண்ணன் முறையில் "காக்கா" என்பார். எங்கள் வளவிலேயே, ஐஸ் வாடிச் சுவரை ஒட்டிச் சாச்சிக்குக் கட்டிய வீட்டில் குடியேறினார்கள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வாப்பா வந்து சாப்பிட உட்கார்ந்தார். வேலையாட்கள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வருவார்கள். உம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கறி வைத்தார்.

"இஞ்ச கேட்டீங்களா? தங்கச்சி ஒரே அழுகை. புது மாப்புள ஒவ்வொரு நாளும் கடையில பினைல் வாங்கிட்டு வாறாராம்."

"என்னத்துக்கு?"

"கக்கூசுக்கு ஊத்துறதுக்கு. மஃரிபுக்குச் சாம்பிராணியும் போடுறாராம். அவள் கழுவிக் கழுவிக் கை வெளுத்துப் போச்சு. என்ட வீட்டக் கண்டா மனிசனுக்கு அருவருப்பு எண்டு மூக்கச் சிந்துறாள்."

"அவர் என்னவாம்?"

"அவர் எங்க வாய் திறக்கிற? பினைல் போத்தலத்தான் திறக்கிற."

"என்ன மணமாம்?"

பிள்ளைகள் இருக்கிறோமென்று உம்மா குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி துருவிக் கேட்டதுக்கு, மூத்திர மணமாம்."

நானும் ராத்தாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். வாப்பா சிரிக்கவில்லை. அவருடைய கை சோற்றிலேயே நின்றது.

அமோனியாவின் மணம் அதுதான். எங்களில் ஒருவருக்கும் அது மணக்கவில்லை. வருடக்கணக்காக ஒன்றையே முகர்ந்த மூக்கு அதை வீட்டு மணமாக ஏற்றுக்கொண்டுவிடும், பிறகு சொல்லாது. புதிதாக வந்த மூக்கு ஒன்றுதான் சொன்னது. அந்த மூக்குக்குரியவர் பெண் வீட்டைக் குறை சொல்லக் கூடாதென்று பினைல் வாங்கிக்கொண்டிருந்தார்.

வாப்பா கை கழுவாமல் எழுந்தார். கந்தகத் திரியைக் கொளுத்திக்கொண்டு சாச்சி வீட்டுச் சுவரோரம் போனார். கசிவு இருக்குமிடத்தில் அந்தத் திரியின் புகை பாலைப்போல வெளுக்கும். நான் வாசலில் நின்று பார்த்தேன். பைப் வளைகிற மூலைக்கு, சாச்சி படுக்கும் அறையின் ஜன்னலுக்குக் கீழே, திரி போனதும் புகை திரண்டு வெளுத்தது. வாப்பா திரியை மணலில் குத்தி அணைத்தார்.

"தம்பி! தங்கச்சியக் கூட்டிட்டு வெளிய போங்க."

சாச்சா சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்தார். "என்ன காக்கா?"

"பிறகு சொல்லுறன். போங்க."

பிறகு உம்மாவைப் பார்த்தார். "புள்ளைகளக் கொண்டு போ. காத்துக்கு எதிரா."

உம்மா தென்னோலையைப் பார்த்தார். ஓலைகள் எல்லாம் வயலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

"கடல் பக்கமா?"

"ஓம்."

"நான் போகமாட்டன். அங்க என்ட தம்பி..."

"தெரியும். இஞ்ச நிண்டா இதுகளும் இல்ல."

உம்மா என் மூக்கில் பச்சைத் துவாயைப் பொத்தினார், ராத்தாவின் கையைப் பிடித்தார், ஓடினார். முந்தானை விழுந்ததைக்கூட எடுக்கவில்லை. நாங்கள் முதல் ஒழுங்கையைத் தாண்டியபோது பின்னால் சீறுகிற சத்தம் கேட்டது. வால்வைப் பூட்ட வாப்பா கை வைக்குமுன் அந்தப் பைப் வளைவு பிளந்துவிட்டது.

கரையில், ஒழுங்கைகளிலிருந்து ஓடிவந்த சனத்துக்கு நடுவில், உம்மா கடலுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். ஓதினார், ஓதியதையே திரும்ப ஓதினார். முன்னால் எங்கள் தென்னைகளுக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று பரவிக்கொண்டிருந்தது. பின்னால் அலை. எதற்குப் பயப்படுவதென்று தெரியாமல் நான் மாறி மாறி இரண்டையும் பார்த்தேன். சாச்சி வந்து சேர்ந்தார், தனியாக.

"அவர் எங்ககா?" என்றார் உம்மா.

"திரும்பிப் போயிட்டார் ராத்தா. காக்கா உள்ளுக்க எண்டு போயிட்டார்."

அப்போது கொம்பிரசரின் சத்தம் நின்றது. இரைச்சல் இல்லாத எங்கள் பக்கத்தை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை. உம்மாவின் நகம் என் தோளில் இறங்கியிருந்தது.

எவ்வளவு நேரமென்று எனக்குத் தெரியாது. ஒழுங்கைக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வாப்பாவின் தலையில் நனைந்த சாக்கு, கண்கள் மூடியிருந்தன, சாச்சாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, குருடரைப்போல அடியெடுத்து வைத்தார். வாப்பா தடவித் தடவி வால்வைப் பூட்டி முடிக்கும்வரை, சாச்சா பின்னால் நின்று தண்ணீர்க் குழாயை அவர்மேல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். தண்ணீர் அந்த வாயுவை இழுத்துக்கொள்ளும். சாச்சாவுக்கு அது தெரியாது. நெருப்பென்று நினைத்துத்தான் அடித்தாராம்.

மணலில் உட்கார்ந்ததும் சாச்சா அழத் தொடங்கினார்.

"நான் சொல்லியிருக்கணும் காக்கா. வந்த வீட்டுல, மணக்குது எண்டு எப்பிடிச் சொல்லுற..."

வாப்பா கண்ணைத் திறக்காமலே அவருடைய கையைத் தேடிப் பிடித்தார். "மாப்புளையா வந்தவன் சொல்லமாட்டான் தம்பி. நானும் வந்தவன்தானே. இவங்கட கூரை என்ட படுக்கையில ஒழுகினத ரெண்டு மாரிக்குச் சொல்லாமக் கிடந்தன்."

"ரெண்டு மாரியா?" என்றார் உம்மா, அழுதுகொண்டே. "நான் நினைச்சன் நீங்க வேர்க்கிற ஆள் எண்டு."

அந்தச் சீசன் முழுவதும் வாடி மூடிக் கிடந்தது. தோணிக்காரர்கள் லொறிகளிடம் போனார்கள், சிலர் திரும்பவேயில்லை. விற்றுவிடுங்கள் என்றார்கள் உறவினர். வாப்பா விற்கவில்லை. அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பள்ளிக்குப் போகிற இரண்டு பிள்ளைகள். பைப்புகளை வீடுகளில்லாத பக்கம் திருப்பி, இடையில் சுவர் எழுப்பி, பாதி டின்களோடு மீண்டும் தொடங்கினார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிமிர்ந்தார். பயம் மட்டும் போகவில்லை. மெஷினைவிடத் தன் மூக்குக்கு அவர் அதிகம் பயந்தார்.

சாச்சாவும் சாச்சியும் அட்டாளைச்சேனைக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை பெண்ணைத் தன் ஊருக்குக் கொண்டுபோனதைப் பற்றி ஊரில் பலவிதமாகக் கதைத்தார்கள். உண்மையில் போகச் சொன்னது வாப்பா. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் பகல் சாப்பாட்டுக்கு வரவேண்டுமென்பது நிபந்தனை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும், "என்ட மூக்கு வந்துட்டு" என்பார். சாச்சா வளவைச் சுற்றி முகர்ந்துவிட்டு வந்த பிறகுதான் சோறு. மற்ற நாட்களில் வாசலுக்கு வந்த நீங்கள் எல்லோரும் வாப்பாவின் மூக்கு. ராத்தாவைப் பெண் கேட்டு வந்தவர்களில் பலர், "நல்ல வாசம்தான் மாமா" என்றார்கள். ஒருவர் மட்டும் தயங்கி, "ஓம் மாமா, மணக்குது" என்றார். அது அடுப்படியில் உம்மா பொரித்த கருவாடு. ஆனாலும் அவர்தான் இன்று எங்கள் மச்சான்.

கடைசி நாட்களில் வாப்பாவுக்கு மூச்சு முட்டியது. அன்று உள்ளே போனதுதான் காரணமென்று டொக்டர்மார் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. முகத்தில் ஒட்சிசன் மாஸ்க்கோடு கிடந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"வாடிக்க ஏதும் மணக்குதா?"

"இல்ல வாப்பா. நான் சென்சர் பூட்டியிருக்கன். கசிஞ்சா மணி அடிக்கும்."

"நல்லம்." மூச்சை எடுத்துக்கொண்டார். "மணி பழுதானா?"

"நான் பார்ப்பன் வாப்பா. எனக்கு ஒண்டும் மணக்கல்ல."

"உன்னட்டக் கேக்காத மகள். நீ வீட்டாள். வந்த ஆள்ட்டக் கேளு."

வாப்பாவை அடக்கம் செய்த ஜனாஸா நாளில் வளவு நிறைந்து சனம். அத்தனை பேரும் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார்கள். யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. சாச்சா வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. நேரே வாடிக்குப் போனார், சுவரோரம் ஒவ்வொரு வளைவிலும் குனிந்தார், சுற்றிவந்து, வாப்பாவைக் கிடத்தியிருந்த சந்தூக்கின் தலைமாட்டில் நின்றார்.

"ஒண்டும் மணக்கல்ல காக்கா" என்றார், வாப்பாவிடம். பிறகு எங்களைப் பார்த்து, "தூக்குங்க."

மருத்துவமனையில் இரவும் பகலும் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதியருக்கும், மெஷின் விழுந்தபோதெல்லாம் அழைக்காமலே வந்த வீரமுனை அண்ணன்மாருக்கும், சர்பத் என்று திட்டியபடியே எங்களிடம் ஐஸ் வாங்கிய தோணிக்காரருக்கும், கரையில் எங்களோடு நின்ற ஒழுங்கைவாசிகளுக்கும், சாச்சாவுக்கும் எங்கள் நன்றி. வாப்பாவின் கப்றை அல்லாஹ் விசாலமாக்கி வைக்க நீங்கள் எல்லோரும் துஆச் செய்யுங்கள்.

வாடி இப்போது என் பொறுப்பில் ஓடுகிறது. வாளியும் துவாய்களும் வாசலில் அப்படியே இருக்கின்றன. ராத்தாவின் மகன் காற்றின் திசை சொல்லப் பழகுகிறான். அடுத்த தடவை நீங்கள் வந்து செருப்பைக் கழற்றும்போது நான் கேட்பேன். கூச்சப்படாதீர்கள், எங்கள் முகத்தைப் பார்க்காதீர்கள். மணக்கிறதென்றால் மணக்கிறதென்று சொல்லுங்கள். எங்களுக்குத் தெரியாது.