மூடச் சொல்லாத ஸ்டேஷன்

இது நடந்த சம்பவம். நம்ப விருப்பம் இல்லாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். செபஸ்தியான் தன் வாயால் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவர் சொன்ன நேரங்களில் ஒரு நிமிடத்தைக்கூட நான் மாற்றவில்லை. விழுப்புரத்தில் இருபது வருஷம் தந்தி ஆபீஸ் வேலை பார்த்த மனிதர். நேரத்தைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வராது. ஒரே ஒரு முறை சொன்னார். அதனால் வந்த வினைதான் இது.

வருஷம் 1996. பிரதேச ராணுவம் என்று ஒன்று உண்டு. ஊரில் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு, வருஷத்தில் இரண்டு மாதம் மட்டும் பச்சை உடுப்பு மாட்டிக்கொண்டு பயிற்சிக்கு வருவார்கள். சண்டை என்று வந்தால் கூப்பிடுவார்கள். வயர்லெஸ் ஆட்களுக்கான பயிற்சி முகாம் அப்போது திண்டிவனத்துக்கு வெளியே, மூடிக்கிடந்த ஓர் அரிசி மில்லில் நடந்தது. செபஸ்தியான் அங்கே ஹவில்தார். மோர்ஸ் என்கிற தந்தித் தட்டல் மொழியைச் சொல்லிக்கொடுப்பவர். பயிற்சிக்கு வந்தவர்கள் அவரை ‘உஸ்தாத்’ என்று கூப்பிடுவார்கள். பயிற்சி கொடுப்பவருக்கு ராணுவத்தில் அதுதான் பெயர்.

உஸ்தாத் என்றால் அவர் ஒருவர்தான். சக்கரபாணி வரும்வரை.

சக்கரபாணி அனந்தபுரம் பக்கத்து ஆள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிற சம்சாரி. 1993 முகாமில்தான் மோர்ஸ் என்ற சொல்லையே கேட்டான். கற்றுக்கொடுத்தது செபஸ்தியான்தான். மூன்றே வருஷத்தில் அவனும் உஸ்தாத் ஆகிவிட்டான். மண்வெட்டி பிடித்த கை, மோர்ஸ் தட்டுகிற கீயில் வைத்தால் பூப்போல விழும்.

வயர்லெஸ் ஆட்களுக்கு ‘கை’ என்றால் என்னவென்று தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டாம், குரலைக் கேட்க வேண்டாம். டிட், டா என்று வருகிற தட்டலை வைத்தே அனுப்புவது யார் என்று சொல்லிவிடுவார்கள். சக்கரபாணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் வருகிற கடைசி ‘டா’வை ஒரு இழுப்பு இழுத்து விடுவான். அதைக் கேட்கவே பயிற்சி ஆட்கள் காத்திருப்பார்கள். “அவரு கை தனி உஸ்தாத்” என்று செபஸ்தியானிடமே வந்து சொல்வார்கள்.

செபஸ்தியான் சிரிப்பார். உள்ளே எரியும்.

பொறாமைதான். அவரே அந்த வார்த்தையைத்தான் சொன்னார். “இருபது வருஷம் கீ தட்டுனவன் நானு. எவனோ ஏர் ஓட்டுறவன் வந்து என் க்ளாஸைத் தூக்கிக்கினு போறான்னா எப்டி இருக்கும்?” சக்கரபாணி ஊரிலிருந்து வேகவைத்த மல்லாட்டை மூட்டையோடு வருவான். எல்லோரும் தின்பார்கள். செபஸ்தியானுக்கு மல்லாட்டை என்றால் உயிர். இருந்தும் கைநீட்ட மாட்டார். அவனோ அண்ணே அண்ணே என்று பின்னாலேயே சுற்றுவான். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கெட்டவனாக இருந்திருந்தாலாவது நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருக்கலாம்.

நவம்பர் 14. காலையில் சுபேதார் அரங்கநாதன் செபஸ்தியானைக் கூப்பிட்டார். முகாமில் பெரியவர் அவர்தான்.

“அடுத்த வருஷம் சீனியர் உஸ்தாத் போஸ்டுக்கு சக்கரபாணி பேரை எழுதலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்ற?”

“நல்ல பையன் சாப்” என்றார் செபஸ்தியான்.

அன்று வெளிப்பயிற்சி. மூன்று இடங்களில் மூன்று ஸ்டேஷன். சக்கரபாணிக்குப் பிரம்மதேசம் ஏரிக்கரை. துணைக்கு மணிமாறன், விக்கிரவாண்டியில் லாரி மெக்கானிக். மோர்ஸ் அவனுக்கு இன்னும் எழுத்துக்கூட்டத்தான் வரும். மில்லில் கண்ட்ரோல் செட்டில் உட்கார்ந்தது செபஸ்தியான்.

வயர்லெஸில் ஒரு சட்டம் உண்டு. கண்ட்ரோல் ‘மூடு’ என்று அனுப்பாமல் எந்த ஸ்டேஷனும் செட்டை மூடக் கூடாது. மழையோ இடியோ, உத்தரவு வரும்வரை ஹெட்போன் காதில் இருக்க வேண்டும். மீறினால் பெயர் கெட்டது, பதவி போனது. ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாள் செபஸ்தியான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான்.

பயிற்சி முடிய வேண்டிய நேரம் 3.30. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மூன்று ஸ்டேஷனும் ‘மூடலாமா’ என்று கேட்டன. இரண்டுக்கு ‘மூடு’ என்று அனுப்பினார். மூன்றாவதான சக்கரபாணிக்கு ஐந்தே தட்டு.

டிட் டா டிட் டிட் டிட்.

‘காத்திரு’ என்று அர்த்தம்.

கணக்கு சுலபம். மழை கொட்டும். இடி இடிக்கும். நனைந்து நடுங்கி, உத்தரவு இல்லாமல் அவனே மூட்டை கட்டுவான். அதை லாக் ஷீட் என்கிற பதிவுத்தாளில் எழுதி சுபேதார் முன்னால் வைத்தால் போதும். சீனியர் உஸ்தாத் கனவு அதோடு சரி.

பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். தங்களுக்குள் பேசும்போது அப்படித்தான் அனுப்புவார்கள்.

‘சரி அண்ணே.’ கடைசியில் அந்த இழுப்பு.

3.50. மறுபடி கேட்டான். காத்திரு. ‘சரி அண்ணே.’

மணி 4.05. மில்லின் தகரக் கூரையில் மழை கொட்டியது. மறுபடி கேட்டான். காத்திரு. ‘சரி அண்ணே.’

“போயேண்டா” என்று பல்லைக் கடித்தார் செபஸ்தியான்.

4.10. கண்ணைப் பறிக்கிற மின்னல். ஹெட்போனில் படார் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும்.

4.12க்குக் கூப்பிட்டார். பதில் இல்லை. 4.15க்குக் கூப்பிட்டார். இல்லை.

செபஸ்தியானுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. லாக் ஷீட்டில் நிறுத்தி நிதானமாக எழுதினார். ‘4.15. பதில் இல்லை. உத்தரவின்றி நிலையத்தை விட்டுச் சென்றார்.’ அடியில் கையெழுத்தும் போட்டார். இடி பக்கத்தில் விழ ஆரம்பித்ததால் 4.20க்கு ஏரியல் வயரைச் செட்டிலிருந்து பிடுங்கி மேஜைமேல் போட்டார். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டார். காலையிலிருந்து நாக்கில் ஒட்டாத டீ இப்போது இனித்தது.

4.25.

ஹெட்போனில் சத்தம்.

டா டா... டிட் டிட் டா...

‘மூடலாமா?’

கடைசி ‘டா’வில் அதே இழுப்பு.

செபஸ்தியானுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. போகவில்லையா இவன்? இந்த மழையிலும் எப்படி இப்படித் தட்டுகிறான்? ஒரு புள்ளி பிசகவில்லை. இருபது வருஷத்தில் இவ்வளவு சுத்தமான கையை அவர் கேட்டதில்லை.

வேகமாகத் தட்டினார். காத்திரு.

‘சரி அண்ணே.’

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இரைச்சல் இல்லை. எந்தத் தட்டலுக்குப் பின்னாலும் ஒரு ‘ஸ்ஸ்’ இருக்கும். மழை நாளில் சொல்லவே வேண்டாம். இதன் பின்னால் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து மேஜையைத் தட்டுவதுபோல் இருந்தது.

செட்டைப் பார்த்தார்.

ஏரியல் வயர் மேஜைமேல் கிடந்தது.

அவர்தான் பிடுங்கியிருந்தார். ஐந்து நிமிடம் முன்னால்.

வயர் இல்லாமல் இவர் அனுப்பியது மில் வாசலைக்கூடத் தாண்டாது. அங்கிருந்து எதுவும் வரவும் வராது.

ஆனால் வந்தது...

செட்டை அணைத்தார். பேட்டரியைக் கழற்றினார். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். கழுத்திலிருந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார்.

4.30.

4.35.

மழை மட்டும்.

4.40.

மேஜைமேல் கிடந்த ஹெட்போன்...

டா டா... டிட் டிட் டா...

‘மூடலாமா?’

“மாதாவே...”

‘மூடு.’ ஒரு வார்த்தை. அதை அனுப்பிவிட்டால் போதும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மேஜைக்குப் போனார். கீமேல் விரலை வைத்தார்.

வெளியே ஜீப் சத்தம். கதவு திறந்தது. சுபேதார். தொப்பலாக நனைந்திருந்தார்.

செபஸ்தியான் விரலை எடுத்துவிட்டார். 3.30க்கு மூட வேண்டிய ஸ்டேஷனை இப்போது மூடுவதை அவர் பார்த்துவிட்டால்?

“சக்கரபாணி போயிட்டான்யா” என்றார் சுபேதார். “ஏரியல் மேலயே இடி. செட்டு கரிக்கட்டை ஆயிடுச்சு.”

“எ... எப்போ சாப்?”

“நாலு பத்து. மணிமாறன் கண்ணால பார்த்திருக்கான்.”

சுபேதார் போன் பண்ண அடுத்த அறைக்குப் போனார். அந்த இரண்டு நிமிடத்தில் செபஸ்தியான் லாக் ஷீட்டைக் கிழித்தார். புதுத்தாளில் எழுதினார். ‘3.30. மூன்று ஸ்டேஷன்களும் மூடப்பட்டன.’

நான் முதலில் குறிப்பிட்ட அவருடைய அந்த ஒரு பொய் இதுதான்.

விசாரணை நடந்தது. மணிமாறன் சொல்லிப் பார்த்தான். “நாலு மணிக்கு என்னை மோட்டார் கொட்டாய்க்கு ஜல்தி போகச் சொன்னாரு சாப். நீங்களும் வாங்கன்னேன். கண்ட்ரோல் இன்னும் சொல்லல, சொன்னதும் வர்றேன்னாரு.” மோர்ஸ் சரியாகத் தெரியாதவன் பேச்சு எடுபடவில்லை. லாக் ஷீட் பேசியது. உத்தரவு வந்தும் கிளம்பாமல் தன் கவனக்குறைவால் செத்தான் என்று எழுதி முடித்தார்கள். அவன் சவப்பெட்டிமேல் தேசியக் கொடி போர்த்தவில்லை. அவன் மனைவி கெங்கம்மாள் செபஸ்தியானிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“சொன்ன பேச்சு கேக்காத ஆளா சாரு அவரு?”

செபஸ்தியான் தலையைக் குனிந்துகொண்டார். சீனியர் உஸ்தாத் பதவி அவருக்கே வந்தது.

1997. அதே மில். அதே நவம்பர் 14. வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. மாலை வகுப்பு. பதினாறு பேர் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். இது செட்டே இல்லை. செபஸ்தியான் மேஜையிலிருந்து பதினாறு பேருக்கும் வயர் போகிற வெறும் பயிற்சி பஸ்ஸர். ஏரியலே கிடையாது. அவர் தட்டுவதை அவர்கள் தாளில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

பத்து வரி தட்டினார். ஹெட்போனைக் கழற்றி, கையைக் கீயிலிருந்து எடுத்தார்.

பதினாறு பென்சிலும் எழுதிக்கொண்டே இருந்தன.

“முடிஞ்சுதுய்யா” என்றார்.

யாரும் நிமிரவில்லை. ஒரு வரி எழுதி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்கள். முன்வரிசையில் ஸ்டீபன்ராஜ், புதுசாகச் சேர்ந்தவன், முகமெல்லாம் சிரிப்பு.

“உஸ்தாத், கடைசி லைன் மட்டும் என்னா கை உஸ்தாத்! முன்னாடி பத்து லைனும் அது கிட்ட நிக்காது. அந்தக் கடைசி டாவை இழுத்தீங்க பாருங்க...”

செபஸ்தியான் அவன் தாளைப் பார்த்தார்.

பதினோராவது வரி. ‘மூடலாமா?’

சுவரில் மணி 4.25.

அவருக்கு உடம்பு சில்லிட்டது. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை என்னிடம் சொல்லும்போது அவர் அழுதார். செத்தும் இவன் கைதான் உசத்தியா? அதே பழைய எரிச்சல். ஒரு வருஷத்தில் இம்மியும் குறையவில்லை.

கை கீக்குப் போனது. ‘மூடு’ என்று அனுப்பத்தான் போனது. மாதா சாட்சியாக.

விரல் தட்டியது.

டிட் டா டிட் டிட் டிட்.

பதினாறு பென்சிலும் மறுபடி குனிந்தன.

எழுதின.

நின்றன.

கடைசி பெஞ்சில் மணிமாறன். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். தாளில் ‘மூடலாமா’, ‘காத்திரு’ இரண்டையும் தாண்டி, கடைசி வரியில் விரலை வைத்து மெல்லப் படித்தான்.

“ச... ரி... அண்... ணே...”

நிமிர்ந்து செபஸ்தியானைப் பார்த்தான்.

“உஸ்தாத்... அன்னிக்கி நீங்க மூடவே சொல்லல, இல்ல?”